எல்.கே.ஜி. சேர்க்கும் முன் வீட்டில் பழக்க வேண்டியவை: தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கு

ஜூன் முதல் வாரத்தில் ஏதாவது ஓர் எல்.கே.ஜி. வகுப்பை மதியம் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பாருங்கள். முப்பது பிள்ளைகள் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு மிஸ் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மிஸ் ஒருவர், ஆயாம்மா ஒருவர். மூடி திறந்து கொடுத்தே கால் மணி நேரம் போய்விடும். கடைசியாகத் திறந்த பாக்ஸுக்குச் சொந்தக்காரப் பிள்ளை நாலு வாய் சாப்பிடுவதற்குள் மணி அடித்துவிடும். அந்தப் பிள்ளைக்கு ஏ முதல் இசட் வரை தலைகீழாகத் தெரிந்திருக்கலாம், அதனால் வயிறு நிறையாது.

எழுத்தையும் எண்ணையும் பள்ளியிலேயே கற்றுக்கொடுப்பார்கள். பாக்ஸைத் திறந்து தானாகச் சாப்பிடுவது, பாத்ரூம் வருவதைச் சொல்லிவிட்டுப் போய் வருவது, கேட் அருகே உங்கள் கையை விடுவது ஆகிய மூன்றையும் வீட்டில்தான் பழக்க முடியும். ஏப்ரல் கடைசியில் தொடங்கினால் போதுமான நேரம் இருக்கிறது. அதற்கு முன், தேதி பார்த்து முடிக்க வேண்டிய காகித வேலைகள் சில உண்டு.

வயதும் சான்றிதழ்களும்

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31 அன்று 5 வயது முடிந்திருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எல்.கே.ஜி.க்கு 3 வயது. ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளைக்கு வயது சரியாகத்தான் இருக்கும். ஆனால் வகுப்பில் அதுதான் கடைக்குட்டியாக உட்கார்ந்திருக்கும், முந்தின ஆகஸ்டில் பிறந்த பிள்ளையைவிட ஏறக்குறைய ஒரு வருடம் சின்னது. மூன்று வயதில் ஒரு வருடம் என்பது பெரிய இடைவெளி. இன்னும் டயப்பர் விடவில்லை, வேண்டியதைச் சொல்லத் தெரியவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம், இன்னொரு வருடம் அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். வரிசையில் உட்காருவது, கை கழுவுவது, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடுவது எல்லாம் அங்கேயே பழகிவிடும். அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் உள்ள அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் 2,381 இடங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. உங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடமே கேட்டுவிடலாம்.

பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பெயர் போடும் இடம் காலியாக இருப்பதுதான் அடிக்கடி வரும் சிக்கல். பிரசவம் ஆனபோது பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பிறகு யாரும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்கள். பிறந்து ஓர் ஆண்டுக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். சான்றிதழ் வாங்க வேண்டியது பிறந்த ஊரில்தான், இப்போது குடியிருக்கும் ஊரில் கிடைக்காது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பெங்களூரு ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குக் கர்நாடகத்தில்தான் போய் வாங்க வேண்டும். இந்த வேலையை மே கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

அடுத்து எழுத்து வித்தியாசம். பிறப்புச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் வேறு, இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருக்கும். எல்.கே.ஜி.யில் பதிவதுதான் டி.சி.யில் தொடங்கிப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை பின்தொடரும். சேர்க்கும் முன்பே இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். 5 வயதுக்குக் கீழே நீல நிற ஆதார், அதற்குக் கைரேகை எடுப்பதில்லை. 5 முடிந்ததும், 7 வயதுக்குள் கைரேகை, கண் பதிவைக் கட்டணமில்லாமல் செய்துகொள்ளலாம்.

தனியார் பள்ளியில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்க நினைத்தால் வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்று மூன்றும் முன்பே கையில் இருக்க வேண்டும். நலிவடைந்த பிரிவு என்று விண்ணப்பிக்க ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. விண்ணப்பத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் சான்றிதழ் வருவதற்குள் தேதி முடிந்திருக்கும்.

டிபன் பாக்ஸ்

எவர்சில்வர் டப்பாவில் இறுக்கமான மூடி போட்டது வேண்டாம். பக்கவாட்டில் கிளிப் உள்ளது நல்லது, அதுவும் இரண்டு கிளிப்புக்கு மேல் வேண்டாம். கடையிலேயே பிள்ளை கையில் கொடுத்து மூன்று முறை திறந்து மூடச் சொல்லிவிட்டு வாங்குங்கள். வீட்டில் காலி டப்பாவுக்குள் நாலு உலர்திராட்சை போட்டு மூடிக் கொடுங்கள், திறந்தால் தின்னலாம் என்று. நாலு நாளில் கை பழகிவிடும்.

வீட்டில் சுலபமாகத் திறக்கிற அதே டப்பா பள்ளியில் திறக்காமல் போவதற்குக் காரணம் சூடு. ஆவி பறக்கும் சோற்றைப் போட்டு உடனே மூடினால், ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடியை உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களே அழுத்தித் திறக்க வேண்டியிருக்கும். தட்டில் பரப்பி 10 நிமிடம் ஆறவிட்டு மூடுங்கள். ஜூன் வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போகாமலும் இருக்கும். தயிர் சாதமானால் பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசைந்தால் மதியம் புளிக்காது.

மூன்றரை வயதுப் பிள்ளைக்கு இரண்டு சின்ன இட்லி, அல்லது முக்கால் டம்ளர் அளவு சாதம் போதும். மீதி வந்தால் அடுத்த நாள் குறையுங்கள், திட்ட வேண்டாம். நம் பக்கத்தில் ராகி இல்லாத வீடு கிடையாது, ஆனால் எல்லா ராகிப் பண்டமும் டப்பாவுக்கு ஒத்துவராது. களி ஆறினால் கெட்டியாகிவிடும், சின்னக் கையால் பிய்க்க முடியாது. புட்டு உதிர்ந்து பாதி தரையில் கிடக்கும். வெல்லம், வேர்க்கடலைப் பொடி சேர்த்துப் பிடித்த ராகி உருண்டை, சின்னச் சின்னக் கொழுக்கட்டை, மெல்லிசாகத் தட்டித் துண்டு போட்ட ராகி அடை இவை சரிவரும். முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பட்டாணி அனுப்பாதீர்கள். சிரித்துக்கொண்டே சாப்பிடும் வயதில் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். பள்ளி திறக்கும்போது மாம்பழக் காலம் நடந்துகொண்டிருக்கும். தோல் சீவி, கொட்டை இல்லாமல், துண்டாகப் போட்டு ஒரு ஃபோர்க்கும் வையுங்கள், இல்லையென்றால் சட்டையெல்லாம் சாறு.

மே மாதத்தில் தினம் ஒரு வேளையாவது தரையில் உட்கார்ந்து, டப்பாவிலிருந்து, தன் கையால், 20 நிமிடத்துக்குள் சாப்பிடப் பழக்குங்கள். செல்போன் காட்டி ஊட்டி வளர்த்த பிள்ளைக்கு இது முதல் வாரம் பெரிய சண்டையாகத்தான் இருக்கும். பாதி வயிற்றோடு எழுந்தாலும் விடுங்கள், அடுத்த வேளை நன்றாகச் சாப்பிடும். பாட்டி பின்னாலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மொத்த வேலையும் வீண்.

தண்ணீர்

இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பெரியவர்கள் பல்லில் தெரியும் பழுப்புக் கோடு, வெள்ளைத் திட்டு எல்லாம் சின்ன வயதில் குடித்த தண்ணீரின் அடையாளம். நிரந்தரப் பல்லின் மேல்பூச்சு ஈறுக்குள்ளேயே உருவாகும் வயது, ஏறக்குறைய எட்டு வரை. எல்.கே.ஜி. பிள்ளை அதன் நடுவில் நிற்கிறது. காய்ச்சினால் கிருமி போகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். அதனால் வாட்டர் பாட்டிலில் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ ஊற்றி அனுப்புங்கள். பள்ளியில் குடிக்க எந்தத் தண்ணீர், போரா, ஒகேனக்கல்லா, ஆர்.ஓ.வா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். பேஸ்ட் பட்டாணி அளவு போதும், துப்பப் பழக்குங்கள். இனிப்பாக இருக்கிறதென்று விழுங்கும் வயது இது.

பாட்டில் 400 முதல் 500 மில்லி. அமுக்கினால் திறக்கும் வகையாக இருக்கட்டும். திருகு மூடியைத் திறக்கத் தெரிந்த பிள்ளைக்கு நேராக மூடத் தெரியாது, பையெல்லாம் நனைந்துவிடும்.

பாத்ரூம்

பள்ளியில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கும், மாலை வீட்டு வாசலிலேயே நனைப்பதற்கும் காரணம் பாத்ரூம் பயம்தான். வீட்டில் வெஸ்டர்ன் என்றால் குத்துக்காலிட்டு உட்காரப் பழக்குங்கள். வெட்டவெளியில் பழகிய பிள்ளைக்குக் கதவு மூடிய இருட்டு அறையே பயமாக இருக்கும். சேர்க்கைக்குப் போகும் அன்று பிள்ளையையும் கூட்டிப்போய்ப் பள்ளிப் பாத்ரூமைக் காட்டி, ஒரு முறை போய்வரச் செய்யுங்கள்.

காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர், அப்புறம் டிபன், டிபனுக்குப் பிறகு 20 நிமிடத்தில் ஐந்து நிமிடம் உட்காரவைப்பது என்று மே மாதமே நேரம் பிடித்துவிடுங்கள். வயிறு நிறைந்ததும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வதுதான். பள்ளியில் அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்த பிள்ளை அடுத்த நாளும் அடக்கும். பிறகு நீர்த்த மலம் பக்கவாட்டில் கசிந்து ஜட்டியில் ஒட்டும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுப்பார்கள், உண்மையில் அது மலச்சிக்கல்.

பெல்ட், கொக்கி, இறுக்கமான பட்டன் உள்ள பேன்ட் வேண்டாம், எலாஸ்டிக் போதும். பெண் பிள்ளைகளுக்கு முன்னாலிருந்து பின்னால் கழுவச் சொல்லிக்கொடுங்கள், சிறுநீர்த் தொற்று குறையும். மூன்றரை வயதில் தானாகச் சுத்தமாகக் கழுவத் தெரியாது, அதை ஆயாம்மாதான் செய்ய வேண்டும். செய்வார்களா என்று வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் ஒரு செட் மாற்று ஜட்டியும் டிரவுசரும், நனைந்ததைப் போட ஒரு பிளாஸ்டிக் கவரும் எப்போதும் இருக்கட்டும். குளிப்பாட்டும்போதே, மூடிவைக்கும் இடத்தை யாரும் தொடக்கூடாது, கழுவிவிட ஆயாம்மா மட்டும், வேறு யார் தொட்டாலும் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று சாதாரணமாகச் சொல்லிவையுங்கள். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் நம் பகுதிக்கே உரியது. ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளி, தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறோம். பிள்ளை “நீள்ளு” என்று தண்ணீர் கேட்கும், “ஹொட்டே நோவு” என்று வயிற்றைப் பிடிக்கும். வெளியூரிலிருந்து வந்த மிஸ்ஸுக்குப் புரியாமல் போகலாம். தமிழ் வீட்டிலும் ஒரு பிள்ளை “மூச்சா” என்னும், இன்னொன்று “ஒன்னுக்கு” என்னும். அரைப் பக்கத் தாளில் தண்ணீர், பசி, ஒன்றுக்கு, இரண்டுக்கு, வலி, தூக்கம் ஆறுக்கும் உங்கள் பிள்ளை சொல்லும் சொல்லை எழுதி முதல் நாளே மிஸ் கையில் கொடுத்துவிடுங்கள். வீட்டு மொழியை நிறுத்த வேண்டியதில்லை. “மிஸ், ஒன்னுக்கு வருது”, “மிஸ், தண்ணி வேணும்” என்ற இரண்டு வாக்கியத்தைத் தமிழில் பழக்கினால் போதும்.

தூக்கம், காலை நேரம்

இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. காலை 6.30க்கு எழ வேண்டுமென்றால் இரவு 8.30க்குள் படுத்திருக்க வேண்டும். லீவில் 10.30 வரை சீரியல் பார்த்த வீட்டில் ஒரே நாளில் இது நடக்காது. மே தொடக்கத்திலிருந்து மூன்று நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். படுக்கும் நேரத்தைவிட எழுப்பும் நேரத்தை முதலில் மாற்றுங்கள். சீக்கிரம் எழுந்த பிள்ளை சீக்கிரம் தூங்கும். டி.வி.யை அணைக்க வேண்டியது பெரியவர்கள்.

எழுதுவதற்கு முன் விரல்

நாலு வயதுக்குள் கோட்டுக்குள் எழுதவைக்கத் தேவையில்லை. விரலில் பலம் வராமல் பென்சிலைக் கொடுத்தால் முஷ்டியால் பிடிக்கும், அந்தப் பிடி பிறகு மாறுவது கஷ்டம். சப்பாத்தி மாவு பிசைவது, பூண்டு உரிப்பது, துணி கிளிப்பைக் கொடியில் மாட்டுவது, வாசலில் கோலப்பொடி கிள்ளிப் போடுவது எல்லாமே எழுத்துப் பயிற்சிதான். புளியங்கொட்டையை எண்ண வைக்கலாம், ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். மூக்கில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரும் கொட்டைகளில் அதுவும் ஒன்று.

பலப்பம், மண், சுவர்ச் சுண்ணாம்பு தின்கிற பிள்ளையை அடிக்காதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. 5 வயது வரை வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்புச்சத்து டானிக் அரசு திட்டத்திலேயே உண்டு, கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்கலாம். அதே செவிலியரிடம் தடுப்பூசி அட்டையையும் காட்டுங்கள். ஒன்றரை வயதில் போட வேண்டிய முத்தடுப்பு பூஸ்டரும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) இரண்டாம் ஊசியும் விடுபட்டிருந்தால் பள்ளி திறக்கும் முன் போட்டுவிடலாம். அடுத்த முத்தடுப்பு பூஸ்டர் 5 வயதில்.

பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை, டி.வி.யை ஒட்டி நிற்கிறது, மூன்று வயதிலும் மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் “இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று தள்ளாதீர்கள். அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை வரும் அரசு மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.

வேன்

வீட்டிலிருந்து பள்ளிக்கு வேனில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் என்றால் அந்தப் பள்ளி எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் எல்.கே.ஜி.க்கு வேண்டாம். முதலில் ஏறி கடைசியில் இறங்கும் பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு, இரண்டரை மணி நேரம் வேனிலேயே போய்விடும். 2012இல் பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. உதவியாளர் இல்லாத வண்டியில் ஏற்றாதீர்கள். விபத்து ஓட்டத்தில் மட்டும் நடப்பதில்லை; இறங்கிய பிள்ளை வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ குறுக்கே ஓடும்போது டிரைவர் கண்ணில் படாமலும் நடக்கிறது. நீங்கள் கதவு இருக்கும் பக்கமே நின்று, கையைப் பிடித்து, வண்டி கிளம்பிப் போன பிறகே நகருங்கள். வீடு நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்கம் என்றால் சாலையைக் கடந்து போய் நிற்க வேண்டியது நீங்கள்தான்.

பை எடை பிள்ளை எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 14 கிலோ பிள்ளைக்கு 1.4 கிலோவுக்குள். 2020இன் பள்ளிப் பைக் கொள்கை மழலை வகுப்புக்குப் பையே வேண்டாம் என்கிறது. டிபனும் பாட்டிலும் மாற்றுத் துணியும் தவிர வேறொன்றும் வைக்காதீர்கள்.

கேட் அருகே

மே கடைசியில் பக்கத்து வீட்டிலோ அத்தை வீட்டிலோ அரை மணி நேரம் விட்டுவிட்டு வாருங்கள். பிறகு ஒரு மணி, இரண்டு மணி. ஒவ்வொரு முறையும் “போய்ட்டு வரேன், நீ சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். பிள்ளைக்கு மணி தெரியாது. “சாப்பிட்டு முடிச்சதும்”, “தூங்கி எழுந்ததும்” என்றால் புரியும். கவனிக்காத நேரம் பார்த்து நழுவினால் அன்றைக்கு அழுகை குறையும், அடுத்த நாளிலிருந்து உங்கள் சேலையை விடாது. “அடம் பிடிச்சா ஸ்கூல்ல போட்டுடுவேன்”, “மிஸ்கிட்ட சொல்றேன் பாரு” என்று இரண்டு வருடம் மிரட்டிவிட்டு, ஜூனில் அதே பள்ளிக்குச் சிரித்துக்கொண்டே போ என்றால் எப்படிப் போகும்? அந்தப் பேச்சை வீட்டில் எல்லாருமே நிறுத்த வேண்டும்.

முதல் நாள் விடைபெறுவது ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். முத்தம், ஒரு டாட்டா, மிஸ் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது உங்கள் ஆறுதலுக்கு. பிள்ளை பார்த்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து அழும். அம்மாவோடு போனால் கதறி, தாத்தாவோடு போனால் பேசாமல் போகிற பிள்ளைகள் உண்டு. அப்படியென்றால் தாத்தாவே விடட்டும்.

அப்பா, அம்மா பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலைக்கு இருக்க, தாத்தா ஆயாவிடம் வளரும் பிள்ளைகள் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் நிறைய. முடிந்தால் முதல் வாரம் ஒருவராவது ஊருக்கு வாருங்கள். காலையில் பள்ளி கிளம்பும்போது வீடியோ கால் வேண்டாம், அம்மா முகத்தைப் பார்த்ததும் கிளம்பாது. மாலை பால் குடித்த பிறகு பேசுங்கள். பிள்ளையை யார் கூட்டிப் போகலாம் என்பதை இரண்டு பேர் போட்டோவோடு பள்ளியில் எழுதிக் கொடுங்கள். எண் மாறினால் அன்றே தெரியப்படுத்துங்கள்.

இரண்டு, மூன்று வாரம் அழுவது வழக்கம்தான். முதல் வாரம் ஜாலியாகப் போய், இது தினம் உண்டு என்று தெரிந்ததும் இரண்டாம் திங்கள்கிழமை அழத் தொடங்குபவர்களும் உண்டு. காய்ச்சல் வந்து வீட்டில் இருந்துவிட்டால், ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டால் மறுபடி ஒரு சுற்று நடக்கும். முதல் வருடம் சளி அடிக்கடி பிடிக்கும். காய்ச்சல் மருந்து இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் அனுப்புங்கள், காலையில் சிரப் ஊற்றி அனுப்பினால் பத்தரை மணிக்கு போன் வரும். ஒன்றரை மாதம் தாண்டியும் நாள் முழுக்க அழுகிறது, பள்ளியில் எதுவுமே சாப்பிடுவதில்லை, விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்பியிருக்கிறது, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒளிகிறது என்றால் நாலு நாள் அனுப்பாமல் இருந்தாலும் பரவாயில்லை. வகுப்பு முடிந்த பிறகு மிஸ்ஸிடம் தனியாக உட்கார்ந்து, எந்த நேரத்தில் தொடங்குகிறது, அப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளையிடம் “என்ன ஆச்சு சொல்லு” என்று குடைந்தால் பதில் வராது. “இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்த? டப்பா யார் திறந்து குடுத்தாங்க?” என்று ஆரம்பித்தால் மீதி தானாக வரும்.